பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறவர்களில் பலர் சாவி கைக்கு வந்ததும் ஓட்டித்தான் பார்க்கிறார்கள். ஓட்டிவிட்டு இறங்கும்போது முகம் மலர்ந்திருக்கும். அதற்குப் பிறகு யார் என்ன குறை சொன்னாலும் காதில் ஏறாது. நண்பர்களுக்காகக் கோவையிலும் சென்னையிலும் கார் பார்க்கப் போய்ப் போய் எனக்கு ஒரு வரிசை பிடிபட்டது. முதலில் காகிதம், அடுத்து ஆறிய என்ஜின், பிறகு பாடி, டயர், ஸ்கேனர், ஓட்டம், லிஃப்ட், கடைசியில் விலை. இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் பின்னால் வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

நான் எழுதுவது தமிழ்நாட்டுச் சந்தையில் கைக்கு எட்டும் வண்டிகளை வைத்து: போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., ஆடி டி.டி., பி.எம்.டபிள்யூ. இசட்4, போர்ஷே பாக்ஸ்டர், கேமன்.

1. மாடலை முடிவு செய்து, பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். அது காருக்கான பணம் இல்லை, வாங்கிய முதல் வருடச் செலவுக்கான பணம். பத்து வருடப் பழைய பாக்ஸ்டரின் விலை இறங்கியிருக்கும். அதன் பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர் விலை இறங்கியிருக்காது. உதிரி பாகம் எப்போதும் புது போர்ஷே விலையில்தான் வரும்.

அடுத்து, மாடலின் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி சோதனை செய்தால் முக்கியமானது தப்பிவிடும்.

1.2 லிட்டர் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் இருப்பது 7 கியர் டிரை கிளட்ச் டி.எஸ்.ஜி., அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட்டும் கிளட்சும்தான் பெரிய செலவு வைக்கும் இடங்கள். 2017-ல் வந்த ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 230-ல் இருப்பது ஆயிலில் மூழ்கிய கிளட்ச் கொண்ட 6 கியர் பெட்டி. இது உறுதியானது, ஆனால் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. 2020-ல் இந்தியாவுக்கு 200 மட்டுமே வந்த வி.ஆர்.எஸ். 245-லும் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். இரண்டிலும் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஹவுசிங் பக்கம் கூலன்ட் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பாக்ஸ்டர், கேமன் தேடுகிறவர்கள் 2008 வரை வந்த என்ஜினையும் 2009 மாடலில் இருந்து வந்த என்ஜினையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய என்ஜினில் ஐ.எம்.எஸ். பேரிங் என்ற ஒன்று உண்டு. அது உடைந்தால் என்ஜினே போய்விடும். 2009-ல் வந்த புது என்ஜினில் அந்த பேரிங்கே கிடையாது. விலை கொஞ்சம் கூடினாலும் நான் பிந்தியதைத்தான் வாங்கச் சொல்வேன். மடக்கு ஹார்ட்டாப் உள்ள இசட்4-ல் கூரையை முழுவதும் திறந்து மூடி, மறுபடியும் ஒருமுறை செய்து பாருங்கள். ஒருமுறை ஒழுங்காக மூடும், இரண்டாவது முறை பாதியில் நிற்கும். ஹைட்ராலிக் பழுது அப்படித்தான் தொடங்கும்.

2. காரைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

வண்டி எண்ணை வாங்கி, பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் ஆப்பிலோ போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, பொல்யூஷன் சர்டிஃபிகேட் இருக்கிறதா, பேங்க் கடன் நிலுவையில் உள்ளதா, பிளாக்லிஸ்ட்டில் இருக்கிறதா எல்லாம் தெரியும். நிலுவையில் உள்ள இ-சலானையும் அங்கேயே பார்த்துவிடலாம். வேகமான வண்டிகளுக்கு இந்தப் பட்டியல் நீளமாகவே இருக்கும்.

“லோன் எல்லாம் முடிஞ்சுடுச்சு சார்” என்று விற்பவர் சொன்னால் போதாது. பேங்க் தந்த என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) படிவம் 35-ம் ஆர்.டி.ஓ.வில் கொடுத்து, ஆர்.சி.யில் இருந்து ஹைப்போதிகேஷன் என்ற கடன் பதிவு நீங்கியிருக்க வேண்டும். நீங்காத வண்டி உங்கள் பெயருக்கு மாறாது.

இப்போது புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். விலை உயர்ந்த கார்களில் கணிசமானவை புதுச்சேரி பதிவில் இருக்கும், ஏனென்றால் அங்கே வரி குறைவு. பி.ஒய். என்று தொடங்கும் நம்பரைப் பார்த்தால் உடனே கணக்குப் போடுங்கள். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அப்போது தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரில் இருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு இங்கே ஆயுள் வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும் அது சிறிய தொகை இல்லை. டெல்லி, பெங்களூர் வண்டிகள் மலிவாகத் தெரிவதற்கும் பாதிக் காரணம் இதுதான். பழைய மாநிலத்தில் வரி திரும்பக் கிடைக்கும் என்பார்கள். விண்ணப்பித்தால் கிடைக்கும்தான், ஆனால் அந்தப் பணத்தை நம்பி விலை பேசாதீர்கள்.

வெளிநாட்டில் இருந்து தனியாக இறக்குமதி ஆன வண்டி என்றால் சுங்கவரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி இருக்க வேண்டும். நகல்கூட இல்லை என்று சொன்னால் அந்த வண்டியைப் பார்க்கவே போக வேண்டாம்.

3. சர்வீஸ் வரலாற்றை வரிசையாகப் படியுங்கள்

ஓனர் சம்மதத்துடன் சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ரெக்கார்டு பார்க்க முடியும். பார்க்க வேண்டியது தேதியும் கி.மீ.யும் சேர்ந்து ஏறுகிறதா என்பதுதான். 2019-ல் 41,000, 2021-ல் 36,000 என்று இருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கம்பெனியில் சர்வீஸ் நின்று வெளியே போயிருந்தால் அது குற்றமில்லை. நல்ல தனி மெக்கானிக்குகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் எந்த கிரேடு ஆயில் ஊற்றினார்கள் என்ற பில் வேண்டும். டர்போ என்ஜினுக்குத் தவறான ஆயில் ஊற்றி ஓட்டியிருந்தால் அதன் பலனை அடுத்த ஓனர்தான் அனுபவிப்பார்.

குறைந்த கி.மீ. என்றாலே நல்ல கார் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஐந்து வருடத்தில் 6,000 கி.மீ. ஓடிய கார் பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்த கார். டயர் ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகியிருக்கும், ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கில் ஈரத்தை இழுத்திருக்கும். எலி வயரைக் கடித்திருக்கும். மாதத்துக்கு நாலு முறையாவது ஓடி, வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய 50,000 கி.மீ. காரை நான் தயங்காமல் முன்னால் வைப்பேன்.

4. எடுத்துப் போக வேண்டியவை

நல்ல டார்ச், சின்னக் கண்ணாடி, காந்தம், வெள்ளைத் துணி, பெயின்ட் கனம் அளக்கும் கருவி, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர். கூடவே, அந்தக் கார் மேல் ஆசை இல்லாத ஒரு நண்பர். காலையில், நல்ல வெளிச்சத்தில் போங்கள். மழையில் நனைந்த பெயின்ட் எந்தக் குறையையும் காட்டாது.

5. என்ஜின் ஆறியிருக்கும்போது தொடங்குங்கள்

“நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். செயின் சத்தம், ஆயில் புகை, தடுமாறும் ஐடிலிங் எல்லாம் ஆறிய என்ஜினில் முதல் அரை நிமிடத்தில்தான் வெளிவரும். சூடேறிய என்ஜின் அவற்றை மறைத்துவிடும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் கேப்பைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மோரைப் போல வெளுத்துக் கெட்டியாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது. கூலன்ட் டேங்கில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் அதே சந்தேகம்தான். டேங்கில் வெறும் தண்ணீர் இருந்தால், எங்கோ கசிந்து தினமும் ஊற்றி ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

விற்பவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளைப் புகையும் இனிப்பு வாடையும் வந்தால் கூலன்ட் எரிகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்சம் நீராவி வந்து நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம்.

6. அடிபட்ட கார், தண்ணீரில் நின்ற கார்

பெயின்ட் கனத்தை ஒவ்வொரு பேனலிலும் மூன்று நாலு இடத்தில் அளந்து எழுதுங்கள். கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் காட்டும். 250, 300 வந்தால் மறுபடி பெயின்ட் அடித்தது. 500-க்கு மேல் போனால் கீழே பட்டி இருக்கிறது. ஒரு பம்பரோ கதவோ மறு பெயின்ட் ஆனதற்காக நல்ல காரைத் தள்ளாதீர்கள். நம்ம ஊர் பார்க்கிங்கில் உரசாத கார் அபூர்வம். கூரை, கதவு பில்லர், பானெட்டுக்கு அடியில் உள்ள ஏப்ரன் (என்ஜின் அறையின் உள்பக்கத் தகடு), இந்த இடங்களில் வேலை நடந்திருந்தால்தான் விலக வேண்டும்.

கருவி இல்லாமலே தெரிகிற ஒரு அடையாளம் சொல்கிறேன். ஒருமுறை கோவையில் ஒரு சிவப்பு வி.ஆர்.எஸ். பார்க்கப் போனேன். வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பு. பானெட்டைத் தூக்கி, வலது ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் டார்ச் அடித்தேன். இடதுபக்க போல்ட் தலைகளில் சிவப்பு பெயின்ட் முழுசாக இருந்தது. வலதுபக்கம் மூன்று போல்ட்டிலும் மூலைகளில் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தது, ஸ்பேனர் போட்டுத் திருகியதால். அங்கிருந்து பின்னோக்கித் தேடியபோது ஹெட்லைட் பிராக்கெட் ஒட்டவைத்தது, ரேடியேட்டர் புதுசு, ஏப்ரனில் வெல்டிங் சரடு. “சும்மா பம்பர் டச்சப்தான்” என்று சொன்னவர், அதன்பிறகு பேசவில்லை.

தண்ணீரில் நின்ற காரை எங்கள் பக்கம் கூடுதல் கவனத்துடன் பார்ப்போம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் (சரிசெய்வது கட்டுப்படியாகாது) என்று போட்ட வண்டிகள் ஏலத்தில் போய், சரிசெய்யப்பட்டு, வேறு ஊர்களில் விற்பனைக்கு வருவது உண்டு. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காருக்கு முழங்கால் தண்ணீரே போதும்.

சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு, கடைசி வரை இழுங்கள். சீட்டைக் கழுவுவார்கள், கார்பெட்டை மாற்றுவார்கள், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தை மறந்துவிடுவார்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் சேறு தெரியும். அடுத்து டிக்கியில் ஸ்பேர் வீல் எடுத்து அதன் குழியைப் பாருங்கள். பிறகு சீட்டுக்கு அடியில் இருக்கும் ரெயில் போல்ட்டுகளின் துரு. கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை நிறுத்தி ஐந்து நிமிடம் உட்காருங்கள். புழுக்க வாடையைச் சென்ட் அடித்து மறைக்க முடியாது.

7. டயர், டிஸ்க், ரிம்

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. தரையைப் பிடிக்கும் ரப்பர் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் கடந்த டயரை நான் மாற்றச் சொல்வேன். ரப்பர் கல்லாகிவிடும், வேகத்தில் பிடிக்காது. நாலு நல்ல டயரின் விலையை அங்கேயே போனில் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள், விலை பேசும்போது உதவும்.

ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுக்கத் திருப்பி டயரின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷனை இறக்கி ஓட்டியிருக்கலாம், அல்லது புஷ் போயிருக்கலாம். வெளித்தோளில் ரப்பர் அலை அலையாகச் சுருண்டிருந்து, டிஸ்க்கும் நீலம் பாரித்து மெல்லிய வெடிப்புகள் காட்டினால் அந்த வண்டி இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ரேஸ் டிராக்கில் ஓடியிருக்கலாம். டிராக்கில் ஓடுவது தப்பில்லை, இந்தக் கார்கள் அதற்குத்தான். ஓனர் அதைத் தானாகவே சொல்லி, பிரேக் ஆயில் மாற்றிய பில்லும் காட்டினால் நம்பிக்கை கூடும். மறைத்தால் வேறெதையும் மறைத்திருப்பார்.

டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். ஓரத்தில் விரல் நகம் தடுக்கும் அளவுக்கு மேடு விழுந்திருந்தால் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. அலாய் ரிம்மின் உள்பக்கத்தையும் பாருங்கள். வெளியே பாலிஷ், உள்ளே வெல்டிங் என்று நிறையப் பார்த்திருக்கிறேன். வெல்டிங் வைத்த ரிம்மோடு வேகமாகப் போவது உயிருக்கு ஆபத்து.

8. ஸ்கேனர் போடாமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

எரர் கோடு (காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறி) எதுவும் இல்லை என்றால் சந்தோஷப்படுவதற்கு முன், கோடு அழித்து எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது என்று பாருங்கள். சாதாரண ஸ்கேனரிலேயே பெரும்பாலான கார்களில் அது தெரியும். நேற்று இரவு அழித்திருந்தால் 4 கி.மீ. என்று காட்டும், கார் தன்னைத் தானே சோதிக்கும் ரெடினெஸ் சோதனைகளும் முடியாமல் கிடக்கும்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடிக்கு வி.சி.டி.எஸ்., பி.எம்.டபிள்யூ.வுக்கு இஸ்டா, போர்ஷேவுக்கு பிவிஸ் என்ற சோதனை மென்பொருள் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் முழு ஸ்கேன் எடுங்கள். போர்ஷேயில் இது கட்டாயம். என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, ரெட்லைனை, அதாவது அனுமதித்த உச்ச ஆர்.பி.எம்.மைத் தாண்டி எத்தனை முறை சுற்றியது என்பதை அதன் கம்ப்யூட்டர் வைத்திருக்கும். நான் பார்த்த ஒரு காரில் மீட்டர் 28,000 கி.மீ., என்ஜின் ஓடியது 2,100 மணி. வகுத்துப் பார்த்தால் சராசரி மணிக்கு 13 கி.மீ. வார இறுதியில் ஈ.சி.ஆரில் மட்டும் ஓடிய வண்டி என்று சொன்னார்கள். ஈ.சி.ஆர். வண்டிக்கு 40-க்கு மேல் வந்திருக்க வேண்டும்.

ரீமேப், அதாவது சக்தி கூட என்ஜின் மென்பொருளை மாற்றியது, செய்திருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். ஸ்டேஜ் 1 என்ற முதல் நிலை ரீமேப் செய்த எல்லா வண்டியும் கெட்ட வண்டி இல்லை. யார் செய்தார்கள், எந்த பெட்ரோல் போட்டார்கள், அதற்குப் பிறகு கிளட்ச், பிளக் மாற்றினார்களா என்பதுதான் கேள்வி. விற்பதற்காகப் பழையபடி மாற்றி வைத்ததைக் கண்டுபிடிக்க, என்ஜின் அறையில் வயதுக்குப் பொருந்தாத புது ஏர் ஃபில்டர் பெட்டி, புதுக் கிளிப்புகளைத் தேடுங்கள்.

9. இப்போது ஓட்டுங்கள்

முதலில் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் நிற்கும் வண்டிகளுக்குப் பலர் புதுப்பிப்பதே இல்லை. அந்த நிலையில் யார்மேலாவது இடித்தால் பாடு பெரிது.

பாட்டை நிறுத்துங்கள், ஏ.சி.யையும் முதலில் நிறுத்துங்கள். முதல் பத்து நிமிடம் நெரிசலில் மெதுவாக ஓட்டுங்கள். டி.எஸ்.ஜி. பழுது வேகத்தில் தெரியாது, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஊர்ந்து போகும்போதுதான் வண்டி வெடவெடக்கும். ஏற்றத்தில் ரிவர்ஸ் போட்டும் பாருங்கள். மேனுவல் என்றால் மூன்றாவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.மில் இருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது.

என்ஜின் சூடான பிறகு திறந்த சாலையில் ஒருமுறை நன்றாக இழுத்துப் பாருங்கள், பின்னால் வண்டி இல்லாத இடத்தில் அழுத்தி பிரேக் பிடியுங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க், ஒருபக்கம் இழுத்தால் காலிப்பரோ அலைன்மென்ட்டோ. வேகத்தடைகளில் ஜன்னலைத் திறந்து கேளுங்கள். டொக் என்ற சத்தம் புஷ், டாப் மவுன்ட் பக்கம்.

திரும்பி வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஏ.சி. போட்டு பத்து நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். ஃபேன் ஓடி டெம்பரேச்சர் நடுவிலேயே நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இந்தச் சோதனையில் தோற்ற கார்களை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டேன்.

10. லிஃப்டில் ஏற்றுங்கள்

சூடான வண்டியை உடனே லிஃப்டில் ஏற்றினால் புதுக் கசிவு பளபளப்பாகத் தெரியும். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒர்க்‌ஷாப்பாகப் பாருங்கள், கட்டணத்தை நீங்களே கொடுங்கள். அடிப்பக்கப் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்பீட் பிரேக்கரில் இடித்து ஆயில் சம்ப்பில் விழுந்த நெளிவை அந்தத் தட்டுதான் மறைத்து வைத்திருக்கும். பழைய போர்ஷே என்றால் சிலிண்டருக்குள் கேமரா விட்டு, சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதுதான் நேரம். “லிஃப்டுக்கெல்லாம் அனுப்ப முடியாது” என்று சொல்லும் ஆளிடம் வாங்க வேண்டாம், எவ்வளவு அழகான கார் என்றாலும்.

11. விலை, பணம், பெயர் மாற்றம்

குறித்து வைத்த செலவுகளைக் கூட்டுங்கள். டயர் இவ்வளவு, டிஸ்க் இவ்வளவு, கியர்பாக்ஸ் ஆயில் இவ்வளவு என்று எழுதியதைக் காட்டிக் கேட்டால் கன்சல்டிங்காரரும் (பழைய கார் விற்பனைத் தரகர்) கேட்பார். ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் பத்தாயிரம் குறைத்து முடித்துவிடுவார்.

கன்சல்டிங்கில் வாங்கும்போது, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பாருங்கள், முடியாவிட்டால் வீடியோ காலிலாவது பேசுங்கள். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களோடு மூன்று கை மாறி வரும் வண்டிகள் இருக்கின்றன. நடுவில் ஓட்டியவர் யார் என்றே தெரியாது. 2023 ஏப்ரலில் இருந்து பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பணத்தை பேங்க் வழியாகவே அனுப்புங்கள். கடன் பாக்கி இருந்தால் அந்தத் தொகையை நேராகக் கடன் கணக்குக்கே கட்டுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் உங்கள் பெயர் எழுதிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28-ல் என்.ஓ.சி. கைக்கு வந்தபின் முழுப்பணம். இரண்டு சாவியும் வாங்குங்கள், இந்தக் கார்களுக்கு ஒரு சாவி செய்வதே பெரிய செலவு.

டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த நிமிடம் வரையான சலானும் விபத்தும் அவர் பொறுப்பு என்பதற்கு அதுதான் சாட்சி. இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வந்துவிடும். ஆனால் உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்குப் பெயர் மாறாமல் பணம் கிடைக்காது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் நீண்ட பயணத்துக்குக் கிளம்பாதீர்கள். அந்த வாரமே என்ஜின் ஆயில், ஃபில்டர்கள், பிரேக் ஆயில், கூலன்ட் நான்கையும் மாற்றி, கி.மீ.யை எழுதி வையுங்கள். பழைய ஆயிலை வெளியே வடிக்கும்போது பக்கத்திலேயே நின்று வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள், காந்தத்தையும் ஓட்டுங்கள். மினுமினுக்கும் துகள் எதுவும் வரவில்லை என்றால் அடுத்த ஞாயிறு காலை வால்பாறைக்குப் போகலாம்.